அண்ணன் வீட்டுக் கோடிச் சேலை

கல்லோடைத் தோட்டம், ஏழாம் லயம்,
நமுனுகுல.
11.02.2024

ஜெயராசா அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். போன் எடுத்தால் "ம்" என்பீர்கள். பிறகு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டியதில்லை. பதுளை - மொனராகலை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற அஸ்ஹர் தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். நீங்கள் டீ குடிக்கிற ஜுனைதீன் நானாவின் கடையில் அவர் சேர்த்துவிடுவார்.

என்னை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் நிரஞ்சலா. உங்களோடு ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போன சுரேஸின் பெண்சாதி. நீங்கள் திரும்பி வந்தீர்கள், அவர் வரவில்லை. முகாமை விட்டு ஓடிவிட்டார் என்று சொல்லி இந்த மாசியோடு பதினைந்து வருடம் ஆகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது சினிமா எடுக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிசம்தான். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கிற முதலாளியின் மகன் ஜனுஷன்தான் டைரக்டர். சண்டைப் படமாம். சண்டைக்குப் போன இரண்டு பட்டாளத்துக்காரர்களை மேலதிகாரி ஏமாற்றுகிற கதை. படத்துக்குப் பேர் இன்னும் வைக்கவில்லை, கையில் காசும் இல்லை. துவக்கெல்லாம் தச்சு வேலை செய்கிற மர்ஸூக் பாஸ் பலகையில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. ரத்தத்துக்கு ரோஸ் சிரப். செத்தவனாகப் படுத்திருந்த பையனை எறும்பு மொய்த்து, அவன் எழும்பி ஓடி, அன்றைக்குப் படப்பிடிப்பு அத்தோடு முடிந்தது. குண்டு வெடித்த புகைக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி மிலாறை ஈரத்தோடு போட்டுக் கொளுத்துகிறார்கள். லயத்து வரிசை வீடு முழுக்க இருமல். அஸ்ஹர் தம்பிதான் அந்தக் கெட்ட அதிகாரி. மீசை நன்றாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் ஒரு பட்டாளத்துக்காரன் சாகிறான். அவன் பெண்சாதி வேஷத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். "ஒங்க மொகத்துல ஒரு சோகம் இருக்கு அக்கா" என்றார் ஜனுஷன் தம்பி. விடியவே வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கிற எல்லார் முகத்திலும் அதுதான் இருக்கிறது என்றேன். ஒரே ஒரு காட்சி. செய்தி வருகிறது, நான் பொட்டை அழிக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நாள் கொழுந்து பறிக்கிற காசு தருவார்களாம். மகள் சுதர்சினி, "நடிப்புதானம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறாள்.

கடைசியாக அவரோடு இருந்தவர் நீங்கள்தான். அதனால் உங்களைக் கேட்கிறேன். அழிக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

நிரஞ்சலா

•

கரும்புத் தோட்டம்,
மொனராகலை.
16.02.2024

அன்புத் தங்கச்சி நிரஞ்சலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுதர்சினி எந்த வகுப்புப் படிக்கிறாள்? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. போன கிழமை யானை வந்து மேற்குப் பக்கத்துக் கரும்பை மிதித்துவிட்டுப் போனது. காவல் பரணில் இருந்து வெடி போட்டேன், போகவில்லை. அதற்குப் பழகிவிட்டது.

எனக்கு இடது கையில் பழைய வலி அவ்வப்போது வருகிறது. மற்றப்படி குறையில்லை.

நீ கேட்டதற்கு. வேண்டாம் தங்கச்சி. அந்த வேஷத்தில் நடிக்க வேண்டாம். வீணாக ஏன் அதைச் செய்ய வேண்டும்? காசு வேண்டுமென்றால் எழுது, அனுப்பி வைக்கிறேன். அந்தப் படக்காரர்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. அவர்கள் எதையாவது சொல்வார்கள். கதைதானே.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்
ஜெயராசா

•

நமுனுகுல.
20.02.2024

அண்ணனுக்கு,

பதினைந்து வருடமாக ஒரு வரி எழுதாத ஆள் ஐந்து நாளில் பதில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தே இதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

நீங்கள் பேச வேண்டாம் என்று எழுதினீர்கள். அதனால்தான் போய்ப் பேசினேன். "தம்பி, இந்தக் கதைய எங்கருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். ஜனுஷன் தம்பி மறைக்கவில்லை. "இது நடந்த கத அக்கா. மொனராகலையில ஒரு டீக்கடையில, கரும்புத் தோட்டத்து வாட்சர் ஒருத்தர் சொன்னாரு. முந்திப் பட்டாளத்துல இருந்தவராம். பேரச் சொல்லல" என்றார்.

மொனராகலையில் பட்டாளத்தில் இருந்து வந்த, தமிழ் பேசுகிற, கரும்புத் தோட்டத்து வாட்சர் எத்தனை பேர் அண்ணா?

நேற்று ஒத்திகை பார்த்தேன். அஸ்ஹர் தம்பி ஒரு காகிதத்தை நீட்டுகிறார். கதாநாயகன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேசையைத் தள்ளிவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறான். அவனுடைய கூட்டாளி ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான். செத்தவனை ஓடிப்போனவன் என்று எழுதிய காகிதமாம் அது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓடிப்போனவன் பெண்சாதி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை வயிற்றில் ஆறு மாதம், மிலிட்டரி பொலிஸ் வந்து அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். ஆளை அடையாளம் பார்க்க என்று கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், திருப்பித் தரவில்லை. சுதர்சினிக்குத் தகப்பன் முகம் தெரியாது. கல்யாண வீட்டில் என் கையில் குங்குமத் தட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று பொம்பளைகள் கண்ணால் பேசிக்கொள்வார்கள். ஓடிப்போனவர்களுக்குப் பொது மன்னிப்பு என்று ரேடியோவில் எப்போது சொன்னாலும் நான் வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருப்பேன். இனிப் பயமில்லாமல் வருவார் என்று. எத்தனை மன்னிப்பு வந்தது, எண்ணிப் பாருங்கள்.

டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சொல்ல முடிந்தது உங்களுக்கு. எனக்குச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை என் காட்சி. அதற்குள் எழுதுங்கள். அவர் இருக்கிறாரா, இல்லையா?

நிரஞ்சலா

•

மொனராகலை.
27.02.2024

தங்கச்சி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

சுரேஸ் இல்லை. 2009 மாசி பதினேழாம் திகதி, பகல் ஒரு மணிக்கு மேல், என் மடியில் செத்தான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதலாம்.

சமையலும் ரோட்டு வேலையும் மட்டும்தான், துவக்குத் தூக்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். உனக்குத் தெரியும், உங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னார்கள். வடக்கே கொண்டுபோன பிறகு பேச்சு மாறிவிட்டது. எங்களுக்குத் தமிழ் வரும். அதனால் எங்களை முன்னால் அனுப்புவார்கள். போய்த் தமிழில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆள் இருந்தால் பதில் வரும். அன்றைக்கு ஒரு குளக்கட்டுக்கு அப்பால் இருந்த பனந்தோப்புக்குள் போகச் சொன்னார் எங்கள் மேலதிகாரி. எழுத்தில் உத்தரவு கிடையாது, வாய்ச்சொல்தான்.

"அம்மா, ஐயா, யாராச்சும் இருக்கீங்களா, பயப்படாம வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு சுரேஸ் முன்னால் போனான். பத்தடி போயிருப்பான். மிதிவெடி.

என் கையில் இரும்புத் துண்டு ஏறியது அப்போதுதான். அவனைக் குளக்கட்டு வரைக்கும் இழுத்து வந்தேன். ஒரு மணித்தியாலம் உயிர் இருந்தது. "சப்பாத்தக் கழட்டுடா, காலு எரியுது" என்றான். அந்தக் கால் இல்லை, தங்கச்சி. நான் கழற்றுகிற மாதிரிக் கையை வைத்தேன். "இப்ப பரவால்ல" என்றான். பிறகு, உனக்கு மாதம் நெருங்கும்போது லீவு கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் என்றேன்.

குளக்கட்டில் ஒரு மருதமரம். அதன் அடியில் என் கையால்தான் புதைத்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை. சாயங்காலம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரி கூப்பிட்டார். மேலிடத்துக்குத் தெரியாமல் எங்களை எதிரிப் பக்கம் அனுப்பியது வெளியே வந்தால் அவருக்குப் பிரச்சினை. மேசையில் சிங்களத்தில் ஒரு காகிதம். சுரேஸ் தன் விருப்பத்தில் முகாமை விட்டுப் போனதை நான் கண்ணால் கண்டேன் என்று. "இரண்டு தமிழன் உத்தரவு இல்லாமல் அந்தப் பக்கம் போனார்கள், ஒருவன்தான் திரும்பினான் என்று நான் எழுதினால் உன் கதி என்ன?" என்று கேட்டார்.

வாசிக்கத் தெரியாமல் போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படத்தில் வருகிறவன் மேசையைத் தள்ளுகிறான். அது நான் டீக்கடையில் சொன்ன பொய். நான் எதையும் தள்ளவில்லை. பேனை எழுதவில்லை என்று சொல்லி வேறு பேனை கேட்டு வாங்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு என்னைக் காயக்காரன் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் மாதாமாதம் பென்சன் வருகிறது. அதைத்தான் தின்கிறேன்.

உன்னிடம் சொல்ல இரண்டு தடவை வந்தேன். ஒன்று பிள்ளை பிறந்த வருடம். மற்றது நாலைந்து வருடம் கழித்து. இரண்டு தடவையும் நீ கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாய். பஸ்ஸில் இருந்தே உன் நெற்றியில் பொட்டு தெரிந்தது. பெரிய பொட்டு. அதைப் பார்த்ததும் என்னால் இறங்க முடியவில்லை. அடுத்த சந்தியில் இறங்கித் திரும்பிப் போய்விட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை.

உன் அண்ணன்
ஜெயராசா

•

நமுனுகுல.
02.03.2024

வாசித்தேன். சுதர்சினி பள்ளிக்கூடம் போன பிறகு வாசித்தேன். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களைத் திட்டுவதற்கு என்னிடம் வார்த்தை நிறைய இருக்கிறது. லயத்தில் வளர்ந்தவள், வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் "இப்ப பரவால்ல" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு வந்தால் திட்ட வரவில்லை. அந்தக் கையைத்தான் கும்பிட வேண்டும். அந்தக் கைதானே கையெழுத்தும் போட்டது. நான் என்ன செய்வது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் "உன் அண்ணன்" என்று போடுகிறீர்கள். நான் கூடப்பிறந்தவர் இல்லாதவள். தாய் தகப்பனும் போய்விட்டார்கள். தாலி கழற்றுகிற அன்றைக்குப் பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும், அது நம் வழக்கம், உங்களுக்குத் தெரியும். எனக்கு அதை யார் கொண்டுவருவது?

அண்ணன் என்றால் கொண்டு வாருங்கள். லயத்து ஆட்கள் முன்னால் நின்று, சுரேஸ் ஓடவில்லை, செத்துப் போனான் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறகு அந்தக் காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கே போய், எழுதினது பொய் என்று சொல்லுங்கள். பென்சன் போனால் போகட்டும். உங்களைப் பிடித்து உள்ளே போட்டாலும் போடட்டும். என் மகள் ஓடிப்போனவன் மகளாக இருக்கக் கூடாது.

அதுவரைக்கும் அண்ணன் என்று எழுத வேண்டாம்.

நடிக்க வருகிறேன் என்று ஜனுஷன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். பத்தாம் திகதி.

நிரஞ்சலா

•

மொனராகலை.
09.03.2024

நிரஞ்சலாவுக்கு,

அஸ்ஹரிடம் பார்சல் கொடுத்து விடுகிறேன். அதில் கோடிச் சேலை இருக்கிறது. மொனராகலையில் வெள்ளை நல்லதாகக் கிடைக்கவில்லை. கரையில் ஒரு நூல் நீலம் ஓடுகிறது, பெரிதாகத் தெரியாது.

கூடவே ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் பதுளையில் ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேரும் எடுத்தது. அவன் வலது பக்கம். சுதர்சினிக்குக் காட்டு. இத்தனை நாள் நான் வைத்திருந்ததும் தப்புதான்.

நான் வரவில்லை. வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பஸ் நிலையம் வரைக்கும் போனேன். உங்கள் லயத்து ஆட்கள் எல்லாரும் சின்ன வயதில் இருந்து என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? யானைக்குப் பயமில்லாதவன் இதற்குப் பயப்படுகிறேன். சேலையை மட்டும் உடுத்திக்கொள்.

ஜெயராசா

•

நமுனுகுல.
13.03.2024

ஜெயராசா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

காலையிலேயே அஸ்ஹர் தம்பி வந்தார். அவருக்கும் அன்றைக்குக் காட்சி இருந்ததால் அதிகாரி உடுப்பை மாட்டிக்கொண்டே வந்திருந்தார். தொப்பி, நட்சத்திரம் எல்லாம். அந்தக் கோலத்தில் வாசலில் நின்று, "அக்கா, மொனராகலையில இருந்து" என்று பார்சலை நீட்டினார். என் வீட்டுக்கு அந்த உடுப்பில் வந்து ஒருவர் செய்தி சொல்லியிருக்க வேண்டும், பதினைந்து வருடத்துக்கு முன்னால். இப்போது பஸ் கண்டக்டர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

போட்டோவை மட்டும் எடுத்தேன். சேலையைப் பிரிக்கவில்லை. சுதர்சினி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். "இதுல எதும்மா அப்பா?" என்று கேட்டாள். காட்டினேன். பிறகு மற்றதையும் சொன்னேன். பிள்ளை அழவில்லை. போட்டோவைச் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சுவரில் மாலை போட்டு மாட்ட நடிகர் பையனின் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். உங்கள் பக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அழுவதற்கு எங்கள் லயத்துப் பொம்பளைகளைத்தான் சம்பளத்துக்குப் பிடித்திருந்தார்கள். எல்லாரும் பவுடர் போட்டு வந்து, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் படத்தில் விழுவோம் என்று சண்டை. பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடியே, இது நம்ம சுரேசுடி" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அங்கே யாரும் பவுடரைப் பற்றிப் பேசவில்லை.

ஜனுஷன் தம்பி ஆக்‌ஷன் என்றார். நான் பொட்டை அழித்தேன். தாலியைப் பெரியாயி அக்காதான் கழற்றினார். அக்கா ஒப்பாரி வைக்கத் தொடங்கினார், என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, அவர் அம்மா பூவம்மா பேரைச் சொல்லி, இந்த லயத்தில் அவர் விளையாடின இடம் ஒவ்வொன்றையும் சொல்லி. மற்றவர்களும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். கட் என்று இரண்டு தடவை சொன்னது எனக்குக் கேட்டது. யாரும் நிறுத்தவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஜனுஷன் தம்பி வந்தார். "அக்கா, பிரமாதம். ஆனா நடுவுல வெளிச்சம் போயிருச்சு. பொட்ட வச்சுட்டு இன்னொரு டேக் எடுப்போம்" என்றார்.

"தம்பி, இது ஒருக்காதான் அழிக்கிறது" என்றேன்.

அவர் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் காட்சியை நீக்கிவிடவா அக்கா என்று கேட்டார். இருட்டாக இருந்தாலும் படத்தில் இருக்கட்டும் என்றேன். என் வீட்டுக்காரருக்கு வேறு சாவு வீடு நடக்கவில்லை.

பொம்பளைகள் கோடி எங்கே என்று கேட்டார்கள். நான் உடுத்தியிருந்தது ஜனுஷன் தம்பியின் அப்பா கடைச் சேலை. கறை படாமல் மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் சேலை உள்ளேதான் இருந்தது. அது வரவில்லை என்றேன்.

அதை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கோடியைக் கையில்தான் தருவார்கள். பஸ்ஸில் அனுப்ப மாட்டார்கள்.

நிரஞ்சலா

•

மொனராகலை.
31.03.2024

நிரஞ்சலாவுக்கு,

சேலை வந்து சேர்ந்தது. பரணில் என் தலைமாட்டில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பட்டாளத்து முகாமுக்குப் போனேன்.

நாலு நாள் வைத்து விசாரித்தார்கள். எழுதிக்கொண்டவர் சின்னப் பையன், சண்டை நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். எல்லாவற்றையும் சொன்னேன். குளக்கட்டையும் மருதமரத்தையும் படமாக வரைந்து கொடுத்தேன். வேறு பேனை கேட்டதையும் சொன்னேன். அதை எழுத வேண்டுமா என்று கேட்டான். எழுது என்றேன்.

கையெழுத்து வாங்கிய அதிகாரி இரண்டு வருடத்துக்கு முன்னால் செத்துவிட்டாராம். வீட்டில், கட்டிலில், சர்க்கரை வியாதியில். ஜனுஷன் தம்பியிடம் சொல், படத்தின் முடிவில் சுடுவதற்கு ஆள் கிடையாது.

பென்சனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு வருமா வராதா என்று பிறகு சொல்வார்களாம். அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது நடக்கும் என்று தெரியாது. ஆனால் அந்தப் பையன் எழுதிய காகிதத்தில் சுரேஸ் பேருக்குப் பக்கத்தில், இறந்தவர் என்று எழுதியதைக் கண்ணால் பார்த்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவையும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இறந்தவர் உனக்கு என்ன முறை என்று கேட்டார்கள். மச்சான் என்று வாய்வரைக்கும் வந்தது. கூட்டாளி என்று சொன்னேன்.

வருகிற புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சேலை கையில் இருக்கும். பெரியாயி அக்காவையும் மற்றவர்களையும் வரச் சொல். வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்வேன். எனக்கு நாக்கு குழறும், பொறுத்துக்கொள்ளச் சொல்.

முன்பு இரண்டு தடவையும் உன் நெற்றியைப் பார்த்துத்தான் இறங்காமல் போனேன். இப்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் இந்த முறை இறங்கிவிடுவேன்.

நீ கதவைத் திறக்காவிட்டால் சேலையை வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டேன். அங்கேயே நிற்பேன்.

ஜெயராசா

பேருக்கு முன்னால் எழுத வேண்டியதை எழுதவில்லை. புதன்கிழமை நீ சேலையை வாங்கிக்கொண்டால் பிறகு எழுதுகிறேன்.